சீழைச் சோதிக்கவில்லை, தொழிலாளியைச் சோதிக்கிறார்கள்!

நூற்பாலையில் ரிங் பிரேம் ஓட்டும் தொழிலாளிக்கு அக்குளில் கட்டி வருகிறது. கையைத் தூக்க முடியவில்லை. லீவு கேட்கிறார். "குளித்து முழுகிச் சுத்தமாக இருந்தால் இதெல்லாம் ஏன் வருகிறது?" என்று மேஸ்திரி சீறி விழுகிறார். நாற்று நடும் பெண்ணுக்குச் சேற்றுப்புண் பழுத்து, கால் முழங்கால் வரை வீங்குகிறது. "சேற்றில் நிற்கிறவளுக்கு இது சகஜம்தானே!" என்கிறார் நிலத்துக்காரர். இவர்களுடைய குழந்தை வாயோரத்தில் சிரங்கோடு பள்ளிக்கூடம் போனால், கடைசி பெஞ்சில் தனியாக உட்காரச் சொல்கிறார்கள்.

மூன்று இடத்திலும் தீர்ப்பு ஒன்றுதான்: புண் வந்தவனே குற்றவாளி!

இந்தத் தீர்ப்பு பொய் என்று நாம் சொல்கிறோம். ஆத்திரத்தில் சொல்லவில்லை, விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைத்துச் சொல்கிறோம். குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. அந்தச் சோதனையை நமக்கு யாரும் செய்வதில்லை. சீழைச் சோதிக்க வேண்டியவர்கள் தொழிலாளியின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் வழக்கு இதுதான்.

கட்டிக்குள் இருப்பது யார்?

கட்டி வந்தால் "உடம்புச் சூடு" என்பார்கள். "மாம்பழம் தின்றாய், அதுதான்" என்பார்கள். 1880இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை டாக்டர், கட்டியிலிருந்து எடுத்த சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். உருண்டை உருண்டையான கிருமிகள், திராட்சைக் குலை போலக் கூடியிருந்தன. கிரேக்க மொழியில் 'ஸ்டபிலே' என்றால் திராட்சைக் குலை. அதை வைத்தே 'ஸ்டபிலோகாக்கஸ்' என்று பெயர் வந்தது. 1884இல் ரோசன்பாக் என்ற ஜெர்மன் டாக்டர் அதைத் தனியாக வளர்த்தபோது, ஒரு வகை பொன்னிறமாக வளர்ந்தது. அதற்கு 'ஆரியஸ்' என்று பெயர். லத்தீனில் பொன் என்று பொருள். நமக்கு வரும் கட்டி, ராஜபிளவை, நகச்சுற்று ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பொன்னிறக் கிருமிதான் காரணம்.

இந்தக் கிருமி எங்கே வாழ்கிறது? ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருடைய மூக்கில்! எந்த நோயும் செய்யாமல் சும்மா இருக்கிறது. குடிசையில் இருப்பவன் மூக்கில் மட்டுமா? மில் சொந்தக்காரர் மூக்கிலும் இருக்கிறது, மானேஜர் மூக்கிலும் இருக்கிறது. கிருமி ஆள் பார்த்துக் குடியேறுவதில்லை. அப்படியானால் சீழ் பிடிப்பது மட்டும் ஏன் நம்மை?

தோல் முழுதாக இருக்கும்வரை கிருமி உள்ளே நுழையாது. தோல் கிழிய வேண்டும், உராய வேண்டும், ஊறிப் போக வேண்டும். நாள் முழுதும் சேற்றில் நிற்பவருக்கு விரலிடுக்கு ஊறிப் போகிறது. கதிர் அறுப்பவரின் கையை அரிவாள் கீறுகிறது. பாலையின் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் வியர்த்து நனைந்த துணி இடுப்பையும் அக்குளையும் அராவுகிறது. ஓர் அறையில் பத்துப் பேர் படுக்கும் விடுதியில் ஒருவர் துண்டு இன்னொருவர் முகத்தைத் துடைக்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் ஷிப்டு மணி அடிக்கிறது. கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவது இந்த நிலைமைதான். இந்த நிலைமையைத் தொழிலாளியா உண்டாக்கினான்?

பணக்கார நாட்டின் சாட்சி

"ஏழை நாடு, அழுக்கு ஜனங்கள், அதனால் வருகிறது" என்று வாதாடுகிறவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும்.

மெத்திசிலின் என்ற மருந்து 1959-60 வாக்கில் வந்தது. பெனிசிலினுக்குப் பணியாத பொன்னிறக் கிருமியை அடக்கவே அதைச் செய்தார்கள். 1961லேயே அதற்கும் பணியாத கிருமி இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதுதான் இன்று 'எம்.ஆர்.எஸ்.ஏ.' என்று டாக்டர்கள் சொல்லும் கிருமி. முதலில் ஆஸ்பத்திரிக்குள் மட்டும் திரிந்தது. 1990களில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத ஜனங்களிடமும் தென்பட்டது. 1997க்கும் 1999க்கும் இடையில் அமெரிக்காவின் மின்னசோட்டா, வட டகோட்டா மாநிலங்களில் ஆரோக்கியமாக இருந்த நான்கு குழந்தைகள் இதற்குப் பலியானார்கள்.

அதன் பிறகு அங்கே அது எங்கே பரவியது? 2002இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சிறையில் கைதிகளிடையே பரவியது. பட்டாளத்துப் பயிற்சி முகாம்களில் பரவியது. 2003இல் செயின்ட் லூயிஸ் நகரத்தின் தொழில்முறைக் கால்பந்து அணியில் 58 ஆட்டக்காரர்களில் 5 பேருக்கு வந்தது. லட்சம் லட்சமாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்கள்! மைதானத்தில் விழுந்து தோல் உராய்ந்த இடத்திலெல்லாம் சீழ் கட்டியது. காரணம் தேடியபோது என்ன தெரிந்தது? துண்டைப் பலர் பங்கிட்டுக்கொண்டார்கள். கை கழுவும் வசதி போதவில்லை.

சிறைக் கைதிக்கும், சிப்பாய்க்கும், பணக்கார ஆட்டக்காரனுக்கும் பொதுவாக இருந்தது என்ன? நெருக்கம், உராய்ந்த தோல், பங்கிட்ட துண்டு, போதாத கழுவல். ஜாதியா? இனமா? ஒன்றுமில்லை. நம் மில் விடுதியிலும் வரிசை வீட்டிலும் இருப்பவை இந்த நான்கும்தான்.

இதை மாற்றினால் புண் குறையுமா? குறையும். 2005இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கராச்சி நகரத்துக் குடிசைப் பகுதிகளில் நடந்தது. சோப்பைக் கொடுத்துக் கை கழுவச் சொல்லி, வாராவாரம் வீடு வீடாகப் போனார்கள். குழந்தைகளின் சீழ்ச்சிரங்கு நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் ஏறக்குறையப் பாதியாகின. அதே ஜனங்கள், அதே குடிசைகள். சோப்பு கைக்கு வந்தது, நோய் குறைந்தது. "அழுக்கு ஜனங்கள்" என்று சொன்னவர்கள் எங்கே முகத்தை வைத்துக்கொள்வார்கள்?

ஒரே புண், இரண்டு எதிரிகள்

இப்போது வழக்கின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

தோலைச் சீழ் பிடிக்க வைக்கும் கிருமிகளில் பெரிய எதிரிகள் இரண்டு. ஒன்று, முன்னே சொன்ன திராட்சைக் குலைக் கிருமி. இன்னொன்று, மணி கோத்த மாதிரி நீளும் சங்கிலிக் கிருமி. 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்று பெயர். குழந்தையின் வாயோரத்துச் சிரங்கை இரண்டும் உண்டாக்கும். கண்ணால் பார்த்து இது இன்னது என்று எப்போதும் சொல்லிவிட முடியாது.

ஆனால் மருந்து? அங்கேதான் வித்தியாசம். மனிதனைத் தாக்கும் முக்கியமான சங்கிலிக் கிருமிக்குப் பழைய, மலிவான பெனிசிலின் இன்றும் எமன்தான். எண்பது வருஷத்துக்கு மேலாகியும் அது பெனிசிலினை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளவில்லை. பொன்னிறக் கிருமியோ பெரும்பாலும் பெனிசிலினைச் சிதைத்துத் தள்ளிவிடும். அதிலும் எம்.ஆர்.எஸ்.ஏ. வகையாக இருந்தால், அமாக்சிசிலினும் செஃபிக்சிமும் அதற்கு உப்புக்கும் உதவாது.

சங்கிலிக் கிருமி இன்னொரு கெடுதலும் செய்யும். சொறி வந்து, அரித்து, சொறிந்த இடத்தில் அது குடிபுகுந்தால், புண் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்துக் குழந்தையின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். காலையில் முகம் வீங்கும்; சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் இறங்கும். "சிரங்குதானே, தானாகப் போகும்" என்று விட்ட வீடுகளில் நேரும் துயரம் இது.

ஆகவே புண்ணில் இருப்பது எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குப் பணியும் என்று தெரியாமல் வைத்தியம் செய்வது, இருட்டில் கம்பு வீசுவதற்குச் சமம். பாம்பின் மேல் பட்டாலும் படலாம். பக்கத்தில் நிற்பவன் மேல் பட்டாலும் படலாம்.

இன்று நமக்கு நடப்பது இந்தக் கம்பு வீச்சுத்தான். கட்டி வந்த தொழிலாளி ஷிப்டு முடிந்து மருந்துக்கடைக்குப் போகிறார். மூன்று நாளைக்குக் கலர் மாத்திரை கட்டிக் கொடுக்கிறார்கள். கேட்கவில்லை. அடுத்து ஓர் ஊசி. கேட்கவில்லை. அடுத்து விலை கூடின மாத்திரை. நாலு நாள் கூலியும் போய், கையிலிருந்ததும் போய், கடைசியில் காய்ச்சலோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுகிறார். இதற்குள் பலவீனமான கிருமிகள் செத்து, மருந்துக்குப் பணியாதவை மட்டும் மிஞ்சிப் பெருகி, விடுதியில் அடுத்த பாய்க்கும் போய்விட்டன! டாக்டர் சீட்டு இல்லாமல் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளை விற்பதைத் தடுக்க 2014 மார்ச்சில் தனி விதியே அமலுக்கு வந்தது. விதி மட்டும் போட்டு என்ன பயன்? பக்கத்தில் டாக்டரும் சோதனைச் சாலையும் இல்லாத இடத்தில் ஜனங்கள் மருந்துக்கடைக்குப் போகாமல் எங்கே போவார்கள்?

சோதனை என்பது மந்திரமா?

சோதனைச் சாலை என்றதும் கோடிக்கணக்கில் மெஷின் வேண்டுமோ என்று தொழிலாளி நினைக்கிறார். நினைக்கும்படி செய்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில், வளர்ந்த கிருமியைச் சில நிமிஷத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும் மெஷின்கள் இருப்பது உண்மை. ஆனால் அவை இல்லாமலே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்த வேலை நடந்து வருகிறது. எப்படி என்று பாருங்கள்.

கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றும்போது ஒரு பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் எடுக்கிறார்கள். கண்ணாடித் துண்டில் தடவி, ஊதாச் சாயம், அயோடின், சாராயம், பிறகு சிவப்புச் சாயம் என்று வரிசையாக ஊற்றுகிறார்கள். 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த முறை இது. நம் கிருமிகள் இரண்டும் ஊதா நிறத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். குலையா, சங்கிலியா என்று மைக்ராஸ்கோப்பில் தெரியும். சில நிமிஷ வேலை.

அடுத்து, தயிருக்கு உறை ஊற்றுவது போலக் கிருமிக்கு உறை போடுகிறார்கள். ஆட்டு இரத்தம் கலந்த 'அகர்' என்ற ஜெல்லித் தட்டில் சீழைத் தீற்றி, உடம்புச் சூட்டில் ஓர் இரவு வைக்கிறார்கள். காலையில் கிருமிக் கூட்டங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு புள்ளியை எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடில் தொட்டால், குலைக் கிருமி நுரைத்துப் பொங்கும்; சங்கிலிக் கிருமி பேசாமல் கிடக்கும். முயல் இரத்தத்தின் தெளிந்த நீரில் போட்டால், பொன்னிறக் கிருமி சில மணி நேரத்தில் அதை உறைய வைக்கும். ஆள் யார் என்பது தெரிந்துவிட்டது!

கடைசியில் மருந்துச் சோதனை. கிருமி தடவிய தட்டின் மேல் மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை வைக்கிறார்கள். கேட்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாக வெளி விழும். செஃபாக்சிட்டின் வில்லையைச் சுற்றி விழும் வட்டம் 21 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால், அது எம்.ஆர்.எஸ்.ஏ. அளக்க ஒரு ஸ்கேல் போதும்! எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நாள். இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? பயிற்சி பெற்ற ஒரு டெக்னீஷியனும், தடையில்லாத மின்சாரமும், ஒழுங்காக வந்து சேரும் சாமான்களும் இருந்தால் நடக்கும்.

பாசி எடுப்பவர்களுக்கு ஒரு தட்டு உண்டா?

அந்த அகர் எதிலிருந்து வருகிறது தெரியுமா, தோழர்களே? கடல்பாசியிலிருந்து! பழம் வேகவைத்துக் கெட்டியாக்க உதவும் இந்தச் சமையலறைப் பொருளைக் கிருமி வளர்க்கப் பயன்படுத்தலாம் என்று 1880களின் தொடக்கத்தில் யோசனை சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸி என்ற பெண். அதற்கான பாசி நம் ராமநாதபுரம் கரையோரத்திலும் விளைகிறது. கண்ணில் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, பாறையிடுக்கில் மூழ்கிப் பாசி பறிப்பவர்கள் பெண்கள். பாறை கீறிய அவர்கள் கையில் உப்புநீர் ஊறிப் புண்ணாகிறது.

உலகத்துச் சோதனைச் சாலைகளுக்கெல்லாம் அகர் வேண்டும். அதற்குப் பாசி பறித்துக் கொடுப்பவர்களின் கைப்புண்ணுக்கு, அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் அகர் தட்டு உண்டா? நாட்டின் மிகப் பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்தம், சிறுநீர், சளி பார்ப்பார்கள். சீழை வளர்த்துப் பார்க்கும் வேலை மாவட்ட ஆஸ்பத்திரிக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் உரியது என்று விட்டுவிட்டார்கள். உழைப்பு கரையிலே, பலன் நகரத்திலே!

சாக்குகளும் பதில்களும்

"ஒவ்வொரு கட்டிக்கும் சோதனையா? கட்டுபடியாகுமா?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு கட்டிக்கும் நாம் கேட்கவில்லை. சின்னக் கட்டியைச் சுத்தமாகக் கீறிச் சீழை வெளியேற்றினாலே பெரும்பாலும் ஆறிவிடும். அங்கே மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். திரும்பத் திரும்ப வருகிற கட்டி, காய்ச்சலோடு பரவுகிற புண், மருந்துக்கு அடங்காத சீழ், ஒரே விடுதியில் ஒரே தெருவில் பலருக்கு வருகிற சிரங்கு ஆகியவற்றுக்குக் கேட்கிறோம்.

"முடிவு வர மூன்று நாள் ஆகுமே, அதுவரை நோயாளி காத்திருப்பானா?" என்பார்கள். காத்திருக்க வேண்டாம். சீழை எடுத்துக்கொண்டு அன்றே வைத்தியத்தைத் தொடங்குங்கள். முடிவு வந்ததும் தேவையானால் மருந்தை மாற்றுங்கள். அடுத்து வரும் பத்துப் பேருக்கு முதல் நாளே சரியான மருந்து கொடுக்க அந்த முடிவு உதவும்.

"ஊருக்கு ஊர் சோதனைச் சாலை வைக்க முடியாது" என்பார்கள். காசநோய்க்காரரின் சளியைச் சேகரித்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புகிற ஏற்பாடு இந்த நாட்டில் நடக்கவில்லையா? சளி பிரயாணம் செய்யும்போது சீழ் ஏன் செய்யக் கூடாது? அதற்கென்று உள்ள குழாயில் வைத்தால், பஞ்சுக் குச்சியில் கிருமி ஒரு நாள் தாங்கும்.

இன்னொரு விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து கணக்கு எடுக்கிறது. 2021ஆம் ஆண்டுக் கணக்கில் பொன்னிறக் கிருமியில் நூற்றுக்கு 40க்கு மேல் எம்.ஆர்.எஸ்.ஏ. ஊருக்குள் பரவும் அதன் வகை ஒன்றுக்கு 'வங்காள விரிகுடா வகை' என்றே விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் 2019இல் மட்டும் எம்.ஆர்.எஸ்.ஏ. ஒரு லட்சத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. ஆனால் நூற்பாலை விடுதியிலும் காலனித் தெருவிலும் எத்தனை? கேட்டால் பதில் இல்லை. சோதிக்காததால் கணக்கு இல்லை. கணக்கு இல்லாததால் பிரச்சினையே இல்லை என்கிறார்கள். நல்ல தந்திரம்!

நாம் செய்ய வேண்டியது, நாம் கேட்க வேண்டியது

நம் பங்குக்குச் சிலவற்றை இன்றே செய்வோம். கட்டியைப் பிதுக்கக் கூடாது. புண்ணைச் சுத்தமான துணியால் மூடி வைக்க வேண்டும். துண்டையும் சவரக் கத்தியையும் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. வீட்டில் ஒருவருக்குச் சொறி என்றால் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். காய்ச்சலோடு சிவப்பு பரவினால், வலி தாங்க முடியாமல் ஏறினால், முகத்தில் கட்டி வந்தால், குழந்தைக்கு முகம் வீங்கிச் சிறுநீர் கருத்தால், ஒரு நாளும் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

ஆனால் தண்ணீர் இல்லாத குழாயில் கை கழுவ முடியாது. கூலி வெட்டுக்குப் பயந்தவன் புண்ணை மறைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருவான். ஆகவே நாம் கோருகிறோம்:

1. எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சீழ் எடுத்து அனுப்பும் ஏற்பாடு, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனைச் சாலை, சோதனை இலவசம், முடிவு நோயாளி கையில் தமிழில்.

2. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் திரும்பத் திரும்பக் கட்டி வருகிற தொழிலாளிக்குக் கட்டாயச் சோதனை. ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பு இல்லாத விவசாயத் தொழிலாளிக்கும் அதே உரிமை.

3. ஆலைகளிலும் விடுதிகளிலும் எல்லா ஷிப்டுக்கும் தண்ணீர், சோப்பு, ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு படுக்கை.

4. சீழ்ப்புண் வந்தவருக்கு முதல் நாளிலிருந்தே கூலியோடு விடுப்பு.

5. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களுக்குக் கால் உறை, கை உறை, காயத்துக்குக் கட்டுத் துணி. செலவு வேலை கொடுப்பவருடையது.

6. சிரங்கு வந்த குழந்தையைப் பள்ளியில் ஒதுக்கி உட்கார வைப்பதை நிறுத்தி, அங்கேயே மருந்து.

தோழர்களே! அடுத்த முறை "சுத்தமில்லாதவன்" என்று யாராவது சொன்னால் தலையைக் குனியாதீர்கள். "என் சீழைச் சோதித்துப் பார்த்தீர்களா? என் விடுதிக் குழாயைத் திறந்து பார்த்தீர்களா?" என்று நிமிர்ந்து கேளுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. ஒரு ஷிப்டு முழுவதும், ஒரு தெரு முழுவதும் சேர்ந்து கேட்டால், பதில் சொல்லியே ஆக வேண்டும்!